‘போயிட்டு’ என்று மட்டும்

போன மாதம் ஒரு நாள், நான் வேலை பார்த்த பிள்ளைகள் நிலையத்துக்குப் போயிருந்தேன். பணி ஓய்வு பெற்ற பிறகும் எப்போதாவது இப்படிப் போய் எட்டிப் பார்ப்பேன். பிரிக்பீல்ட்ஸ் சந்துக்குள் இருக்கும் அதே பழைய பங்களாதான். பின்னால் ரயில் பெட்டிகள் மோதிக்கொள்ளும் சத்தமும் அதேதான். உள்ளேதான் மாறியிருக்கிறது. சின்ன டீச்சர் நித்யா சுவரில் ஒட்டியிருந்த படங்களைக் காட்டினாள். முதல் படத்தில் ஓர் அம்மா கையசைத்துக்கொண்டு கதவைத் தாண்டிப் போகிறாள். அடுத்ததில் பிள்ளை விளையாடுகிறது, அதற்கடுத்ததில் சாப்பிடுகிறது. கடைசிப் படத்தில் அதே கதவு, அதே அம்மா, முகம் மட்டும் நம்மைப் பார்த்து. காலையில் பிள்ளையின் விரலைப் பிடித்து ஒவ்வொரு படமாகத் தொட வைப்பார்களாம்.

“உங்க காலத்துல இதெல்லாம் இல்லல்லக்கா? அம்மா போனதும் அழுவுற புள்ளைங்கள எப்படித்தான் சமாளிச்சீங்க?”

“அர வார்த்தைய வெச்சுத்தான்” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. சொல்லி முடிப்பதற்குள் யாரோ ஒரு பிள்ளை தண்ணீரைக் கொட்டிவிட்டது. ஓடிக்கொண்டே, “எழுதிக் குடுங்கக்கா, ஆண்டு மலர்ல போடலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருத்திவிட்டார்கள். எழுதினால் பிழை வருமே, யாராவது சிரிப்பார்களே, சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுவேனோ என்று பல நாள் தள்ளிப்போட்டேன். பயம் என் கூடப் பிறந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தால் இது எழுதப்படாது.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில், கூட்டித் துடைக்க. நடக்கவேண்டிய வயதில் நடக்காத பிள்ளைகள், பேசவேண்டிய வயதில் பேசாத பிள்ளைகள், பள்ளி வயதுக்கு முன்னால் அங்கே வருவார்கள். சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, நம்ம பிள்ளை, எல்லாரும் ஒரே பாயில். பெருக்கிக்கொண்டிருந்த என்னை ஒரு நாள் கூப்பிட்டுப் பாயில் உட்கார வைத்தவர் தலைமை ஆசிரியை மிஸஸ் நடராஜா. பயிற்சி என்றால் அவர் பக்கத்தில் உட்கார்ந்ததுதான். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் நடந்த வகுப்புக்கும் அனுப்பினார்கள். எல்லாம் இங்கிலீஷ். பாதி புரிந்தது, மீதியை மாக்கான் நேரத்தில், சாப்பிட்டுக்கொண்டே, பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டேன்.

மிஸஸ் நடராஜாவை நாங்கள் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வே ஆபீசில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக, இருந்தவர். டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் எல்லாரும் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்துவிடுவோம். என்னை மரியாதையாக ‘நீர்’ என்பார். என்னைவிட இருபது வயது பெரியவர், படித்தவர். கூட்டித் துடைக்க வந்தவளை ‘நீர்’ என்கிறாரே என்று முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அந்த ‘நீர்’ இல்லாத நாள் எனக்கு ஓடாது.

அவர் சொல்லிக்கொடுத்த முறை ஒன்றைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஒரு பிள்ளைக்குக் கால்சட்டை போடக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றால் நாம் என்ன செய்வோம்? “இந்தா, காலை விடு” என்று முதலிலிருந்து தொடங்குவோம். டீச்சர் கடைசியிலிருந்து தொடங்குவார். காலை நாமே விடுவோம், முழங்காலைத் தாண்டி நாமே ஏற்றுவோம், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நிறுத்திவிடுவோம். பிள்ளையின் கட்டை விரலை உள்ளே கொடுத்து அந்தக் கடைசி இழுப்பை மட்டும் அது இழுக்க வேண்டும். இழுத்ததும், “போட்டுட்டாய்!” அது நன்றாக வந்த பிறகு அதற்கு முந்தைய படி. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வருவோம்.

“முதலில இருந்து துவங்கினா பிள்ளைக்குத் தோல்விதான் மிஞ்சும், சரோஜா. முடிவு அவன்ர கையில இருக்கவேணும். முடிவு கையில இருந்தா மிச்சத்துக்கு அவனே வருவான்.”

எனக்கு இதெல்லாம் பிடிபட்டாலும் மனசு பாதி வாசல் கேட்டில்தான் இருக்கும். எங்கள் பிள்ளைகளில் சிலர் கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவார்கள். வெளியே போனால் ரோடு, அந்தப் பக்கம் தண்டவாளம். தோட்டக்காரர் பாக் மாட் பிள்ளைகளுக்கு எட்டாதபடி கேட்டின் மேல் கம்பியில் ஒரு கொக்கி போட்டிருந்தார். கையை நீட்டி எம்பினால்தான் எனக்கே எட்டும். அதை மாட்டினேனா, மாட்டினேனா என்று போய்ப் போய்ப் பார்ப்பேன். பாக் மாட் புல் வெட்டிக்கொண்டே, “பூட்டு சுடா லா, சரோஜா!” என்று கத்துவார். பூட்டியாகிவிட்டது என்பதற்கு அவர் பாதித் தமிழும் பாதி மலாயும். “அந்தக் கேட்ட தொட்டுத் தொட்டு நீயே ஒடச்சிடுவ” என்று மற்ற ஆயாக்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும் என்று விட்டுவிடுவேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலையில் பார்வதி தன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். ரயில்பாதை ஓரத்துப் பலகை வீடுகளில் குடியிருந்தாள். கோலாலம்பூர் டவுனில் ஓர் ஆபீசில் துப்புரவு வேலை. புருஷன் லோரி அட்டெண்டன், பாதி நாள் வெளியூர். பிள்ளையின் பெயர் வனஜா. நாலு வயது. நடை இருந்தது, பேச்சு இல்லை. சுருட்டை முடி. யாரையும் பார்க்காமல் எல்லாவற்றையும் பார்க்கிற மாதிரி பெரிய கண்.

டீச்சர் பிள்ளையின் சாக்ஸைக் கழற்றினார். ஒரு கணுக்காலில் மட்டும் தோல் கறுத்து வளையம் மாதிரி இருந்தது. பார்வதி டீச்சரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“கட்டில் கால்ல துணியால கட்டிப்போட்டுத்தான் வேலைக்குப் போறேன், டீச்சர். வூட்டுக்குப் பின்னால ரயிலு. பாத்துக்க ஆளில்ல. நல்லா திட்டுங்க, திட்டிட்டு சேத்துக்குங்க.”

டீச்சர் அந்த வளையத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“துணி பருத்தியோ?”

“பழைய கைலி, டீச்சர்.”

“நல்ல காலம். நைலோன் எண்டால் அறுத்திருக்கும். உமக்கு யோசனை இருந்திருக்கு.”

பார்வதி அப்போதுதான் அழுதாள். டீச்சர் விதியையும் அன்றே சொல்லிவிட்டார். புதுப் பிள்ளையை ஒரு தவணைக்குத்தான், மூன்று நாலு மாதத்துக்குத்தான், சேர்ப்போம். அதற்குள் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு பாயில் உட்கார வேண்டும், இங்கே சாப்பிட வேண்டும். இல்லையென்றால் கமிட்டி அந்த இடத்தைக் காத்திருக்கிற வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிடும். அப்படியானால் இந்தப் பிள்ளை எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. கட்டில் காலுக்குத்தான்.

வனஜா பாயில் உட்காரவில்லை. காலையில் பார்வதி அவள் கன்னத்தைத் தொட்டு, “அம்மா போயிட்டு வரேன்” என்பாள். மற்றப் பிள்ளைகள் என்றால் அலறும். வனஜா அலற மாட்டாள், முகம் மலர்ந்துவிடும். ஓடிப்போய் முன் கிரில்லில் முகத்தைப் பதித்து நிற்பாள். சாயங்காலம்வரை நிற்பாள். சோறு ஊட்டினால் வாயைத் திறக்காமல் தலையைத் திருப்பிக் கேட்டைப் பார்ப்பாள். தூக்கிவந்து பாயில் விட்டால் விட்ட நிமிஷம் எழுந்து ஓடுவாள். பார்வதி வரும்போது பிள்ளையின் கன்னத்தில் கிரில் கம்பியின் பூவேலை அப்படியே அச்சாகப் பதிந்திருக்கும்.

“சாப்புட்டாளாக்கா?” என்று கேட்பாள் பார்வதி. நான் மற்றதெல்லாம் சொல்வேன். தண்ணி குடிச்சா, ஒண்ணுக்குப் போனா, தும்முனா. அந்த ஒன்றை மட்டும் சொல்ல வராது.

எனக்கு ராத்திரி தூக்கம் போனது. சோறு பிடிக்கவில்லையோ, என் கை பிடிக்கவில்லையோ, காதில் வலியோ, வயிற்றில் பூச்சியோ. தினமும் ஒரு புதுக் காரணத்தோடு வேலைக்கு வருவேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பொறும். இன்னும் பாப்பம்” என்பார். அவர் ஒரு நாற்காலியை வாசல் பக்கம் போட்டுக்கொண்டு நாலைந்து காலை அம்மாவையும் மகளையும் பார்த்தபடி இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“இந்தப் பிள்ளைக்கு எத்தனை சொல் விளங்கும்?”

“சோறு. வா. அப்புறம்…” யோசித்தேன். “வரேன்.”

“அதுதான். வீட்டில தாய் குசினிக்குள்ள நிண்டு ‘வரேன், வரேன்’ எண்டால் அடுத்த நிமிஷம் தாய் வந்திடுவா. பிள்ளை அதை வடிவாப் படிச்சு வச்சிருக்கிறாள். இங்க நாங்கள் ‘போயிட்டு வரேன்’ எண்டுறம். ‘போயிட்டு’ அவளுக்கு விளங்காத சத்தம். கடைசியா வந்த ‘வரேன்’தான் விளங்குது. தாய் இப்ப வரப்போறா எண்டு போய் நிக்கிறாள். அவள் அடம் பிடிக்கேல்லை, சரோஜா. நாங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நிக்கிறாள்.”

இத்தனை காலைகளாக அந்தப் பிள்ளை எங்கள் வார்த்தையை நம்பி நின்றிருக்கிறது.

முதலில் ‘டாட்டா’ சொல்லிப் பார்த்தோம். பார்வதி கையை ஆட்டி, “டாட்டா” என்றாள். வனஜா உள்ளே ஓடினாள். அப்பாடா என்று நான் பெருமூச்சு விடுவதற்குள் தன் சிலிப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் நீட்டினாள். வீட்டில் அவள் அப்பா ஊரிலிருந்து வரும் நாளில், “டாட்டா போலாமா?” என்று லோரியில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவாராம். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிலிப்பரை வாங்கி வைப்பதற்குள்தான் எல்லாருக்கும் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

“சரி, பார்வதி. நேராச் சொல்லும். ‘அம்மா போறேன்.’ அவ்வளவுதான். வேற சொல் வேண்டாம்.”

பார்வதி ஓரடி பின்னால் போனாள்.

“அது மட்டும் முடியாது, டீச்சர்.”

“ஏன்?”

“போறேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? வாயில வரக் கூடாத வார்த்த. அதுவும் காலங்காத்தால, புள்ள மொகத்தப் பாத்து. நான் போயிட்டா இதுக்கு யாரு இருக்கா?”

“அது வெறும் சொல், பிள்ளை.”

“ஒங்களுக்கு வெறும் சொல்லு, டீச்சர். எனக்கு அது ஒன்னுதான் பயம்.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். நான் எழுந்துவிட்டேன். ஆனால் அவர் குரல் இறங்கவில்லை. “யோசிச்சுப் பாரும்” என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் டீச்சர் வழக்கம்போலக் குடையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். எத்தனையோ வருஷமாகத் தினமும் அந்தப் படியில் நின்று எங்களைப் பார்த்து, “சரி, போட்டு வாறன்” என்பார். அன்று, “சரி, போ…” என்று தொடங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்து போனார். அவருக்கும் ‘போறன்’ என்று முடிக்க வாய் வரவில்லை. கேட்டை மாட்டப் போன எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. டீச்சருக்கே வழி தெரியவில்லை என்றால் தவணை முடிந்துவிடுமே.

மறுநாள் காலை பார்வதி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. ராத்திரி முழுக்க யோசித்திருப்பாள் போல. பிள்ளையை இறக்கிவிட்டு அதன் கன்னத்தைத் தொட்டாள்.

“அம்மா போயிட்டு…”

அங்கேயே நிறுத்தினாள். ‘வரேன்’ சொன்னால் பிள்ளை கம்பிக்குப் போய்விடும். ‘போறேன்’ சொல்ல அவள் உயிர் விடாது. நடுவில் மாட்டிக்கொண்டு உதட்டைக் கடித்தபடி நின்றாள். வனஜா அம்மாவின் வாயைப் பார்த்தாள். அடுத்து என்ன வரப்போகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கம்பிக்கு ஓடவில்லை.

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தார். “பொறும். ஒருத்தரும் அசையாதேயுங்கோ.” எங்கள் எல்லாருக்கும் நடுவில் அந்தப் பாதி வார்த்தை நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னார். “பார்வதி, கதவுக்கு அங்கால ஒரு அடி போம். உடனே திரும்பி வந்து, ‘வந்துட்டேன்’ எண்டு சொல்லி அவளின்ர உள்ளங்கையைத் தொடும்.”

பார்வதி போனாள், வந்தாள். “வந்துட்டேன்.” கையைத் தொட்டாள். வனஜா தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

“கால்சட்டை மாதிரித்தான், சரோஜா” என்றார் டீச்சர். அவர் கண் மின்னியது. அப்படி நான் பார்த்ததே இல்லை. “ரெண்டு துண்டா வெட்டுவம். காலமை பாதி, பின்னேரம் பாதி. முடிவைப் பிள்ளையின்ர கையில குடுத்திட்டு, பிறகு முன்னால போவம்.”

அந்த வாரம் பார்வதி லீவு சொல்லிவிட்டு எங்களோடேயே இருந்தாள். வேலையை முறைப்படி பிரித்துக்கொண்டோம். கிரில்லுக்கு உள்ளே ஒரு குட்டி முக்காலி. அதில் வனஜா, பின்னால் நான். என் கை அவள் தோளுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், தொடாது. அவள் எழுந்தால் மட்டும் தொடுவேன். பார்வதி கன்னத்தைத் தொட்டு, “போயிட்டு” என்பாள். கதவு நிலைக்குப் பின்னால் மறைவாள். உடனே தலையை நீட்டி, “வந்துட்டேன்”, உள்ளங்கையில் உள்ளங்கை. அது நன்றாகப் பழகிய பிறகு படிவரைக்கும் போய் வந்தாள். பிறகு முற்றத்து ஜம்பு மரம்வரை. அடுத்தது கேட்வரை. பாக் மாட் அங்கே கொக்கியைக் கழற்றிப் பார்வதியை வெளியே விட்டு மறுபடி மாட்டினார். அந்தக் ‘கிணிங்’ சத்தத்துக்கு வனஜா எழுந்தாள். நான் தோளைத் தொட்டேன். அவளாகவே உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்து மடியில் மேல்நோக்கி வைத்துக்கொண்டாள். காத்திருப்பதற்கு அவள் கண்டுபிடித்த வழி அது. நாங்கள் சொல்லித்தரவில்லை.

பிறகு முச்சந்தி கோப்பிக் கடைவரை. கோயில்வரை. பார்வதி ஒவ்வொரு தடவையும் ஓட்டமாகத் திரும்பி வருவாள். “ஓடி வராதேயும், மூச்சு வாங்கினா சொல் தெளிவா வராது” என்பார் டீச்சர். பாக் மாட்டுக்கும் சொல்லிவைத்திருந்தோம், யாரும் இந்த வீட்டில் முழு வார்த்தை சொல்லக் கூடாது என்று. அவரும் சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, “போயித்து!” என்று பெரிய குரலில் சொல்லிவிட்டுப் போவார். காலையில் வந்ததும், “வந்துத்தேன் லா!” டீச்சர் கூடப் படியில் நின்று, “போட்டு” என்றுவிட்டு இறங்குவார். பார்க்கிறவர்கள் எங்களுக்கெல்லாம் நாக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள்.

பார்வதி மறுபடி வேலைக்குப் போனாள். வனஜா முக்காலியிலிருந்து பாய்க்கு வந்தாள். கையை விரித்து வைத்தபடியே உட்காருவாள். ஆனால் சாப்பாடு மட்டும் இன்னும் இல்லை. தவணை முடியப்போகிறது. ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று நான் கோயில் பக்கம் போகும்போதெல்லாம் வேண்டுவேன்.

அப்போதுதான் அந்த மழை. மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தது, ஊற்றியது. கிள்ளான் ஆறு ஏறிவிட்டது, டவுனில் பஸ் எல்லாம் நின்றுவிட்டது என்று பாக் மாட் நனைந்துகொண்டு வந்து சொன்னார். மற்றப் பெற்றோர் பக்கத்திலிருந்து எப்படியோ வந்து பிள்ளைகளைத் தூக்கிப் போனார்கள். பார்வதி வரும் நேரம் தாண்டியது. டீச்சர் வீட்டுக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர்.

எனக்குள்ளே என்னென்னவோ ஓடியது. பாலத்துக்குக் கீழே, ஓடைக்குப் பக்கத்தில்… அவள் வாயில் வரக் கூடாது என்று பயந்த வார்த்தையை நான் மனசில் நூறு தரம் நினைத்துவிட்டேன். “டீச்சர், அவ…” என்றேன்.

“சொல்லாதேயும்” என்றார். குரல் இறங்கியிருந்தது. “அந்தப் பிள்ளையைப் பாரும். அவள் பயப்படுறாளோ?”

வனஜா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை மடியில் விரிந்திருந்தது. காலையில் பாதி கேட்டாயிற்று, மீதி வரும். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. மத்தியானச் சோறு ஆறிப்போய்த் தட்டில் இருந்தது. எனக்குக் கை சும்மா இருக்க முடியாமல் ஒரு கரண்டியில் எடுத்து, வாய்க்குக் கொஞ்சம் தூரத்தில், டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி கடைசித் தூரத்தை விட்டுவிட்டு நிறுத்தினேன். ஊட்டுகிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. கண் கேட்டில் இருந்தது. கரண்டி என் கையிலிருந்து நகர்வது தெரிந்தது. அவள் விரித்து வைத்திருந்த கையை மூடி, என் கையோடு சேர்த்துப் பிடித்து, தானே வாய்க்குக் கொண்டுபோனாள்.

இன்னொரு வாய். இன்னொன்று.

வெளிச்சம் மங்கிய நேரத்தில் கேட்டுக் கொக்கி சத்தம் போட்டது. பார்வதி இடுப்புவரை சேறு, தலையில் ஒரு பிளாஸ்டிக் பை. டவுனிலிருந்து தண்ணீரில் நடந்தே வந்திருக்கிறாள். படியில் ஏறும்போதே, “டீச்சர், பஸ்ஸு… பாலத்துகிட்ட விட மாட்டேன்னுட்டானுங்க, நான்…” என்று அழுதுகொண்டே தொடங்கினாள்.

“அது பிறகு!” என்றார் டீச்சர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். “முதல் சொல்ல வேண்டியதைச் சொல்லும்!”

பார்வதி மூச்சைப் பிடித்தாள். கண்ணைத் துடைத்தாள். கிரில்லுக்குள் கையை நீட்டினாள்.

“வந்துட்டேன்.”

வனஜா அந்த ஈரக் கையில் தன் சோற்றுக் கையை வைத்தாள்.

“…த்தேன்” என்றாள்.

அது அவள் பேசிய முதல் சொல். முடிவிலிருந்துதான் தொடங்கினாள், டீச்சர் சொன்ன மாதிரியே. பார்வதி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இடம் கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் வனஜா எங்களோடு இருந்தாள். ‘சோறு’, ‘தண்ணி’, ‘அம்மா’ எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. என் பெயர் ‘ரோசா’ ஆயிற்று. காலையில் நான் வரும்போது கிரில்லுக்குள் நின்று என்னைப் பார்த்து, “த்தேன்!” என்பாள். வந்தது நான், சொல்வது அவள். யார் வந்தாலும் அவள்தான் சொல்வாள். முந்தின பாதியை மட்டும் அவள் சொன்னதே இல்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. போகிறவர்கள் நாங்கள், இருப்பவள் அவள்.

பிறகு ரயில்பாதை ஓரத்து வீடுகளை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பார்வதியின் அண்ணன் கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் இருந்தார். அங்கே வீடும் இருவருக்கும் வேலையும் கிடைக்கும் என்றார். “அங்க புள்ளைய பாத்துக்க அண்ணி இருக்காங்கக்கா. கட்டிப்போட வேணாம்” என்றாள் பார்வதி. நல்ல செய்திதான். கிள்ளானைத் தாண்டி, பஸ் இறங்கி, அதற்கப்பால் தோட்டத்துக்குள்ளே. அங்கிருந்து இங்கே வர முடியாது என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

கடைசி நாள் பார்வதி, “வந்துட்டேன்” என்று சொல்லிக் கையைத் தொட்டாள். வனஜா சிலிப்பரைத் தானே மாட்டினாள். நான் கேட்வரை கூடப் போனேன். கொக்கியை எம்பிக் கழற்றினேன். வெளியே லோரி நின்றது, மேலே கட்டில், பாய், பானை. வனஜா அப்பாவைப் பார்த்து, “டாட்டா!” என்றாள். எல்லாரும் சிரித்தோம். அப்புறம் அவள் திரும்பி என்னிடம் வந்தாள். என் கன்னத்தைத் தொட்டாள், அம்மா அவளைத் தொடுவாளே, அதே மாதிரி.

“ரோசா. போய்ட்டு.”

பார்வதி பழக்கத்தில், “வரேன்னு சொல்லு, கண்ணு…” என்று தொடங்கினாள். படியில் நின்ற டீச்சர் கையை உயர்த்தினார். பார்வதி நிறுத்திக்கொண்டாள். அந்த வீட்டில் மீதியை வந்துதான் சொல்ல வேண்டும். வனஜாவுக்கு அது எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

லோரி போனது. நான் உள்ளங்கையை விரித்தபடி நின்றிருக்கிறேன். பாக் மாட் வந்து, “பூட்டு, சரோஜா” என்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு தடவை கேரி தீவுக்குக் கிளம்பினேன். கிள்ளான் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எந்தத் தோட்டம், எந்த லயத்து வீடு என்று சரியாகக் கேட்டு வைக்காமல் வந்துவிட்டோமே, இருட்டிவிட்டால் என்ன செய்வது, என்னைப் பார்த்து அவளுக்கு அடையாளம் தெரியாவிட்டால் என்ன செய்வது என்று நினைத்து நினைத்து, வாங்கிய முறுக்கைக் கையில் பிடித்துக்கொண்டே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அதுவுமில்லாமல் போகிறவள் நானில்லை. சொன்னவள் அவள். அவள்தான் வர வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டீச்சர் இப்போது இல்லை. பாக் மாட் வயதாகி மகன் வீட்டுக்குப் போய்விட்டார். எத்தனையோ பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். அரை வார்த்தை அந்த வீட்டில் கொஞ்ச காலம் இருந்து, புது ஆட்கள் வரவர மறைந்துபோனது. எனக்கு மட்டும் கொக்கி சத்தம் கேட்டால் இன்னும் தலை திரும்பும்.

போன மாதம் நித்யா உள்ளே போனதும் நான் கேட்டுக்கு வெளியே வந்தேன். கொக்கி அதேதான், பெயிண்ட்மேல் பெயிண்டாக அடித்துத் தடித்துப்போயிருக்கிறது. வேலை பார்த்த காலமெல்லாம் அதை உள்ளே இருந்துதான் சோதித்திருக்கிறேன், எந்தப் பிள்ளைக்கும் எட்டிவிடக் கூடாதே என்று. அன்று வெளியே நின்று, கம்பி வழியாகக் கையை விட்டு, எம்பிப் பார்த்தேன். இப்போதும் வெளியிலிருந்து கழற்ற முடிகிறதா? முடிகிறது. கொஞ்சம் இறுக்கம், ஆனால் முடிகிறது.

அவளுக்கு இருபது வயது எப்போதோ தாண்டியிருக்கும். பார்வதி உயரமானவள். மகளும் உயரமாகத்தான் வளர்ந்திருப்பாள். எட்டும்.